பின்னால் எத்தனை பேர்

வீட்டின் நடை குறுகலானது. சமையலறையில் தொடங்கி வாசலில் முடியும். வாசற்கதவுக்கு மேலே ஒரு கண்ணாடி. அதன் வழியே காலை வெளிச்சம் வந்து சிமெண்டுத் தரையில் ஒரு நீளத் துண்டாகக் கிடக்கும்.

அந்த வெளிச்சத்தில் ஒருவன் நிற்கிறான். முதுகு சுவரோடு ஒட்டியிருக்கிறது. காப்பி டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறான்.

எதுவும் கடந்து போகவில்லை. சற்று நேரம் கழித்து டம்ளரை இறக்கினான். குடித்தான்.

இது ஆல்வினின் காலை. பால் காய்ச்சுவான். பல் தேய்ப்பான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போட்டிருந்த காலுறைகளை எடுப்பான். மழைக்காலத்தில் இந்த மலையில் துணி காயும் இடம் அது ஒன்றுதான். காலில் ஏறும் அட்டைக்காக உப்பையும் புகையிலைத் தூளையும் ஒரு துணியில் முடிந்துகொள்வான். காப்பியோடு நடைக்கு வருவான். சுவரோடு ஒட்டுவான். டம்ளரைத் தூக்குவான்.

மனைவி சுகிர்தா சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு போகும் நேரம் அது. மலையேறும் சைக்கிள். தடித்த டயர், அகலமான ஹேண்டில்பார். நடையை அடைத்துக்கொண்டுதான் போகும். "ஒதுங்குப்பா" என்பாள். அவன் ஒதுங்குவான். டம்ளரை இடித்துவிடாமல் இருக்கக் கையைத் தூக்குவான். அவள் குனிந்து அந்தக் கைக்குக் கீழே போவாள்.

அவள் இறந்து ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. கை இன்னும் தூக்குகிறது. கையிடம் யாரும் சொல்லவில்லை.

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஷூ மாட்டினான். இன்று ஞாயிற்றுக்கிழமை. இன்று மேலே, முகட்டில், அவளுக்கு நினைவுப் பலகை வைக்கிறார்கள்.

*

ஊர் முடியும் இடத்தில் காட்டின் கேட். இரும்புக் குழாயை வளைத்துச் செய்தது. பக்கத்தில் ஒரு தகர போர்டு. பாசி ஏறி எழுத்தெல்லாம் போய்விட்டது. நடுவில் 'பார்த்து' என்ற ஒன்று மட்டும் மிச்சம். எதைப் பார்த்து என்று யாரும் கேட்டதில்லை. நடப்பவர்கள் காலைப் பார்த்து என்று எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள்காரர்கள் வளைவைப் பார்த்து என்று எடுத்துக்கொண்டார்கள்.

கேட்டுக்கு உள்ளே பாதைகள் பிரியும். ஒன்று சீகை மரங்களுக்குள் போகும். மஞ்சள் பூ விழுந்து மக்கிய மண். ஒன்று பைன் காட்டுக்குள். அங்கே காலடிச் சத்தமே கேட்காது, ஊசி இலை மெத்தை. ஒன்று சதுப்பைத் தாண்டும், பலகைப் பாலத்தின் மேல். சதுப்புக்கு அப்பால் சோலை. பகலிலும் இருட்டு. சோலை முடிந்தால் தைல மரங்கள் நிற்கும் ஏற்றம். அதன் உச்சியில் புல் முகடு. அங்கே காற்று மட்டும்.

எல்லாப் பாதைகளும் எங்கோ ஒன்றில் ஒன்று சேரும். எந்தப் பாதையில் போனாலும் இன்னொரு பாதைக்காரரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கற்களில் பெயிண்ட் அடித்திருக்கும். மஞ்சள் என்றால் நடப்பவர்கள். நீலம் என்றால் சைக்கிள். முக்கால்வாசிக் கற்களில் இரண்டும் இருக்கும். மஞ்சளும் நீலமும் மழையில் ஒழுகிச் சேரும் இடத்தில் பச்சையாக ஒரு கோடு.

சைக்கிள்தான் நிற்க வேண்டும், நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஏற்றத்தில் சைக்கிள் நின்றால் நின்றதுதான், மறுபடி ஏறி மிதிக்க முடியாது. ஆகவே நடப்பவர்களே ஒதுங்கினார்கள். அதற்குக் கைம்மாறாக ஒரு வழக்கம் வந்தது. கடக்கும் சைக்கிள்காரர், தனக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

"பின்னாடி நாலு பேர்." "பின்னாடி மூணு." "பின்னாடி ரெண்டு." அந்தக் கணக்கு முடியும்வரை நடப்பவர் ஓரத்தில் நிற்பார். கடைசியில் வருபவர், "நான்தான் வால்" என்பார். அதன் பிறகு பாதைக்குத் திரும்பலாம்.

வால் என்பது ஒரு பொறுப்பு. டயர் பஞ்சரானவரை, விழுந்தவரை, மூச்சு முட்டி உட்கார்ந்தவரை வால்தான் பார்த்துக் கூட்டிவர வேண்டும். யாரையும் பின்னால் விட்டுவிட்டு வால் போகக்கூடாது.

*

பைன் காட்டில் மழை நின்றிருந்தது. மரங்களில் நிற்கவில்லை. ஊசி இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் சாய்வாக, கம்பி கம்பியாக.

ஆல்வின் அதைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்தான். டயர்கள் கிழித்த பள்ளம். பள்ளத்தில் தண்ணீர். தண்ணீரின் இருபுறமும் சேறு. நடக்கிற ஆளுக்குக் கால் வைக்க ஒரு இடம் இல்லை. ஷூவுக்குள் ஈரம் இறங்கியது. எரிச்சலாக வந்தது. இப்போதெல்லாம் அவனுக்கு வருவது அது ஒன்றுதான். அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது. பால் பொங்கினால் வந்தது. ஸ்கூல் ஆபீஸில் யாராவது குரலைத் தாழ்த்தி "எப்படி இருக்கீங்க சார்" என்றால் வந்தது.

பின்னால் செருமல். குடையைக் கம்பாக ஊன்றிக்கொண்டு ஜெயசீலியம்மா வந்துகொண்டிருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டில் நடப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்கு அவர்தான் எல்லாம்.

"பாத்தியாய்யா பாதைய? எருமை மாட்டைக் கட்டி உழுத மாதிரி வச்சிருக்கானுக. இது காடா, வயலா? நாத்து ஒண்ணுதான் நடல."

"ஆமாம்மா."

"இன்னைக்கு மட்டும் நான் வாயத் தொறக்க மாட்டேன். சுகிக்காக. நாளைக்கு இருக்கு அந்த லூர்துக்கு." நாலடி நடந்தார். வாயைத் திறந்தார். "அந்தப் பிள்ளை மட்டுந்தான்யா என்னைப் பாத்ததும் பிரேக் பிடிக்கும். மத்ததெல்லாம் எமன் வாகனம்."

அது உண்மையில்லை. சுகிர்தா யாருக்கும் பிரேக் பிடித்ததில்லை. "அந்த நர்ஸம்மா பாதைக்கு நடுவுல குடைய விரிச்சு நிக்குதுப்பா. எனக்கு நேரா போய் விட்றணும்போல இருக்கு" என்பாள். அதை ஆல்வின் சொல்லவில்லை. செத்தவர்கள் எல்லோரும் பிரேக் பிடித்தவர்களாகிவிடுகிறார்கள்.

"நீங்க முன்னாடி போங்கம்மா. நான் மெதுவா வர்றேன்."

ஜெயசீலியம்மா அவன் முகத்தைப் பார்த்தார். குடையை ஒருதரம் தரையில் குத்திவிட்டு, போனார்.

*

மேலே வைக்கப் போகும் பலகை தேக்கு. எழுத்துகளைச் செதுக்கி, உள்ளே வெள்ளை அடித்திருந்தார்கள். முதல் வரியில் அவள் பெயர். கீழே, கடைசியாக அவள் சொன்ன வார்த்தை.

'இந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

அவள் அப்படிச் சொன்னதாக ஊருக்குச் சொன்னவர் லூர்து. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாக்லேட் கடை வைத்திருப்பவர். கனத்த உடம்பு. சைக்கிள் குழுவில் எப்போதும் அவர்தான் வால். மெதுவாக மிதிப்பவர் வேறு என்ன ஆக முடியும் என்று அவரே சிரிப்பார். அன்றும் அவர்தான் வால். அவள் விழுந்து கிடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவரும் அவர்தான். அவள் கடைசியாகச் சொன்னதைக் கேட்டவரும் அவர் ஒருவர்தான்.

ஊரே அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டது. பூசை மேடையில் ஃபாதர் சொன்னார். ஸ்கூலில், அவள் பி.டி. டீச்சராக இருந்த ஸ்கூலில், பிள்ளைகள் சார்ட்டில் எழுதி ஒட்டினார்கள். வத்தலக்குண்டில் இருக்கும் மாமியார் சாயங்காலம் தவறாமல் போன் செய்து அதையே சொன்னார். "காட்டைப் பாத்துக்கச் சொன்னாளாமே மாப்ள. உசுரு போற நேரத்துலயும் தன்னைப் பத்தி நெனைக்கல பாருங்க எம்மக."

அவன் "ம்" என்பான்.

சுகிர்தாவுக்குக் காட்டின் மேல் அப்படி ஒன்றும் பாசம் கிடையாது. "ஏத்தமும் எறக்கமும் இருந்தாப் போதும்ப்பா. நடுவுல மரம் என்னத்துக்கு, இடிக்கவா?" என்பாள். வாழைப்பழத் தோலைப் புதருக்குள் வீசுவாள். மக்கிரும் என்பாள். அட்டை கடித்தால் அதன் குலத்தையே திட்டுவாள். ஒரு மரத்தின் பெயரும் அவளுக்குத் தெரியாது. எல்லாம் மரம். ஒன்று மட்டும் வழுக்குற மரம், வேர் பாதைக்கு வந்துவிட்டதால்.

அப்படிப்பட்டவள் காட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம்.

முதலில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு வந்தது. சாகும்போது மனிதர்கள் மாறுவார்களாயிருக்கும். தனக்குத் தெரியாத ஒரு சுகிர்தா உள்ளே இருந்தாளாயிருக்கும். அதுதான் அவனை அரித்தது. அந்தக் கடைசி நிமிடத்தில் அவள் வேறொருத்தியாகிவிட்டாள். வேறொருவரிடம் பேசினாள். காட்டைப் பற்றிப் பேசினாள். அவனைப் பற்றி ஒன்றுமில்லை.

ஐந்து வருடம் ஒரு நடையில் ஒதுங்கி நின்றவனுக்கு ஒரு சொல் இல்லை. சாக்லேட் கடைக்காரருக்கு ஒரு வாக்கியம்.

லூர்துவிடம் அவன் கேட்டதில்லை. என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள், அவன் பெயரைச் சொன்னாளா. ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்கவில்லை. கோடையிலும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் லூர்துவின் கடை வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். அவரும் கல்லாவுக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவார்.

இன்று கேட்டுவிட வேண்டும். பலகையில் ஆணி இறங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும். தேக்கில் ஏறிவிட்டால் அது அவள் சொன்னதுதான். அதற்கு மேல் அவன் வாயைத் திறக்க முடியாது.

*

சோலை. பச்சை இருட்டு. மரங்களின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, பெரணியின் மேல் மழை.

பின்னாலிருந்து சங்கிலிச் சத்தம். ஆல்வின் ஒதுங்கினான். ஒரு கால் பாதையில், ஒரு கால் பெரணிக்குள்.

"பின்னாடி ஆறு பேருண்ணே!" யாரோ கல்லூரிப் பெண். ஹெல்மெட்டில் கறுப்பு ரிப்பன் குத்தியிருந்தாள். அவனை அடையாளம் தெரிந்ததும் முகம் மாறியது. அதற்குள் கடந்துவிட்டாள். சேறு அவன் பேன்ட்டில் ஒரு கோடு போட்டது.

"பின்னாடி அஞ்சு."

"நாலு பேர் சார். சாரி சார்." எதற்கு சாரி என்று தெரியவில்லை. சேற்றுக்கா, சாவுக்கா.

"மூணு."

"பின்னாடி ரெண்டு பேர்ணே. மாமா, பலகையை ஆட்டாதீங்க!" இதைக் கத்தியவன் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தான். அடுத்து வந்தவர் முதுகில் தேக்குப் பலகை. போர்வையில் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. போர்வை விலகிய இடத்தில் ஒரு வெள்ளை எழுத்து தெரிந்தது. 'சு'.

"பின்னாடி ஒருத்தர்தான்" என்றார் பலகைக்காரர், மூச்சு வாங்க.

பிறகு சோலை மறுபடி மூடிக்கொண்டது. சொட்டுச் சத்தம்.

ஒருத்தர். ஆல்வின் காத்திருந்தான். பெரணிக்குள் இருந்த காலில் ஒரு அட்டை ஏறியது. உப்புத் துணியால் ஒற்றினான். விழுந்தது. இன்னொன்று ஏறியது.

ஒருத்தர் வரவில்லை.

அன்றும் இப்படித்தான். அன்றும் ஞாயிறு, அன்றும் மழை விட்டிருந்தது. இதற்குச் சற்று மேலே, தைல மரங்களின் ஏற்றத்தில் அவன் நடந்துகொண்டிருந்தான். மற்றவர்கள் கடந்துபோயிருந்தார்கள். பிறகு அவள். எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. கடக்கும்போது எல்லோரும் சொல்வதைச் சொன்னாள். அதை அவன் பேச்சாகவே எண்ணவில்லை. வளைவில் திரும்பினாள். மறைந்தாள்.

அவன் ஓரத்தில் நின்றான். மேலே ஒரு சத்தம் கேட்டது. காடென்றால் சத்தம் கேட்கும். மழைக்குப் பிறகு தைல மரம் கிளையை உதிர்க்கும். எல்லோருக்கும் தெரியும். அடியில் நிற்காதே என்பார்கள். அவள் நிற்கவில்லை. போய்க்கொண்டுதான் இருந்தாள்.

லூர்து வந்தார். "நான்தான் வால். அனுமாருக்கு இருக்கிற மாதிரி!" என்று சிரித்துவிட்டுப் போனார். ஆல்வின் பாதைக்குத் திரும்பினான். நடந்தான். வளைவுக்கு அப்பால் லூர்து கத்தினார்.

ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பாதையில் முறிந்த கிளை கிடந்தது, அவள் தலை லூர்துவின் மடியில் இருந்தது. லூர்துவின் காது அவள் வாயருகே இருந்தது. அந்தக் காது. அதைத்தான் அவனால் மறக்க முடியவில்லை. ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி. தான் எட்டி நிற்கும் காட்சி.

*

வால் இன்னும் வரவில்லை.

விதிப்படி அவன் நின்றுகொண்டே இருக்கலாம். அவன் திரும்பி இறங்கினான்.

சதுப்பின் பலகைப் பாலத்தில் லூர்து உட்கார்ந்திருந்தார். கால்கள் தண்ணீருக்கு மேல் தொங்கின. சைக்கிள் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. மேகம் விலகி, சதுப்பு முழுக்க ஒரு வெள்ளை வெளிச்சம். அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சங்கிலி கழண்டுருச்சு தம்பி. அதான்."

சங்கிலி இருந்த இடத்தில் இருந்தது. நேற்றுதான் எண்ணெய் போட்டது போலப் பளபளத்தது. ஆல்வின் அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை லூர்தும் பார்த்தார்.

"மேல எல்லாரும் காத்திருப்பாங்கண்ணே."

"காத்திருப்பாங்க."

"பெறகு?"

"காலு போகல தம்பி."

ஒரு தவளை கத்தி நிறுத்தியது. ஆல்வின் நின்றபடியே கேட்டான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. கடையில் விலை கேட்பது போல.

"அண்ணே, அவ என்ன சொன்னா?"

லூர்து தண்ணீரைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"ஒண்ணும் சொல்லல தம்பி."

சொட்டுச் சத்தம். தூரத்தில் பைன் காட்டில் ஒரு மரங்கொத்தி.

"காதை வச்சிருந்தீங்களே."

"மூச்சு இருக்கான்னு பாத்தேன். இல்ல. நான் போறப்பவே இல்ல." அவர் பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "ஆஸ்பத்திரி வாசல்ல ஒங்க மாமியார் எஞ்சட்டையப் பிடிச்சுருச்சு. நீதான பக்கத்துல இருந்த, எம்மக என்ன சொன்னா, சொல்லுய்யா, சொல்லுய்யான்னு. சட்டைப் பட்டன் ரெண்டு தெறிச்சுருச்சு. அந்தம்மா மூஞ்சியப் பாத்து ஒண்ணும் சொல்லலைன்னு எப்படித் தம்பி சொல்றது? வாயில வந்ததச் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போனதும் மறந்துரும்னு நெனைச்சேன். பூசையில ஃபாதர் சொல்றாரு. பள்ளிக்கூடத்துல எழுதி ஒட்டுறாங்க. இப்பத் தேக்குல வெட்டிட்டாங்க."

"எங்கருந்துண்ணே வந்துச்சு, அந்த வார்த்தை?"

லூர்துவின் முகம் குழந்தையின் முகம் போல ஆனது. "கேட்டுல இருக்குல்ல தகர போர்டு. அதுல எழுதியிருக்கும். பாசி பிடிக்கிறதுக்கு முன்னாடி நாந்தான் பெயிண்ட் அடிச்சேன். 'இந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' அன்னைக்கு அதுதான் வாயில வந்துச்சு. வேற ஒண்ணும் வரல."

ஆல்வினுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. இரண்டும் ஒரே குறுகல் வழியில் வந்து, ஒன்றையொன்று ஒதுங்கச் சொல்லி முட்டிக்கொண்டு நின்றன.

தகர போர்டு. ஒரு மழைக்காலம் முழுக்க அவன் பொறாமைப்பட்டது ஒரு தகர போர்டைப் பார்த்து. கூரை மேல் மழை விழும் சத்தத்தில் படுத்துக்கொண்டு, அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவன் பிடித்துப் பார்த்த அர்த்தங்கள் எல்லாம். காடு என்றால் தான்தானோ என்றுகூட ஒருநாள் நினைத்துப் பார்த்தான்.

"வாங்க தம்பி, மேல போயிச் சொல்லிர்றேன். எல்லார் முன்னாடியும் சொல்லிர்றேன். துப்புனாத் துப்பட்டும். அந்தப் பலகையத் தூக்கிக் கெடாசிருவோம்."

லூர்து எழுந்தார். பாலம் ஆடியது.

*

மேலே யார் யார் என்று ஆல்வின் நினைத்துப் பார்த்தான். ஃபாதர். குழு. ஜெயசீலியம்மா. முகட்டின் மறுபக்கம் ஜீப் வரும் வழி உண்டு. வத்தலக்குண்டிலிருந்து மாமியாரை அந்த வழியாகக் கூட்டி வந்திருப்பார்கள். குளிர் தாங்காத பொம்பளை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மகள் சொன்ன வார்த்தையில் ஆணி இறங்குவதைப் பார்க்க ஜீப்புக்குள் உட்கார்ந்திருப்பார்.

இன்று சாயங்காலமும் போன் வரும்.

"வேணாம்ணே" என்றான்.

"என்னது?"

"பலகை இருக்கட்டும். அத்தைக்கு அது வேணும்."

"பொய்யில்ல தம்பி அது?"

"பொய்தான். இருக்கட்டும். மழையில நனைஞ்சா நாலு வருசத்துல பாசி மூடிரும்." அவன் குரலில் எரிச்சல் இருந்தது. யார் மேல் என்று இல்லை. "ஆனா எங்கிட்ட இனிமே அதச் சொல்லாதீங்க. கடையில பாத்தா நல்லாருக்கியான்னு கேளுங்க. குனியாதீங்க."

லூர்து தலையாட்டினார். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். சைக்கிளை நிமிர்த்தினார்.

இருவரும் சோலைக்குள் நடந்தார்கள். லூர்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரம் மட்டும் டிக் டிக் என்று பேசிக்கொண்டு வந்தது.

ஆல்வினுக்குள் ஒன்றும் லேசாகவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது. உண்மை தெரிந்தால் ஏதாவது லேசாகும் என்று நினைத்திருந்தான். பிடித்துக்கொண்டிருந்த ஒன்றே ஒன்றும் போய்விட்டது. தகர போர்டு போய்விட்டது. இப்போது அவள் ஒன்றும் சொல்லாமல் போனவள்.

ஷூவுக்குள் ஈரம். காலில் அட்டை. பாதையில் டயர் கிழித்த பள்ளம்.

*

சோலை முடிந்தது. தைல மரங்கள் தொடங்கின. வெளுத்த தண்டுகள், உரிந்து தொங்கும் பட்டைகள். மழைக்குப் பிறகு அந்த வாசனை. தலைவலித் தைலத்தின் வாசனை. ஏற்றம்.

"ஏறி மிதிச்சுப் பாக்கட்டுமா தம்பி? தள்ளிட்டுப் போனாச் சிரிப்பானுக."

"மிதிங்கண்ணே. நான் முன்னாடி நடக்கிறேன்."

அவன் நடந்தான். பின்னால் லூர்து ஏறி உட்காரும் சத்தம். கியர் மாற்றும் சத்தம். கர்த்தரே என்ற சத்தம். சங்கிலி மெதுவாக, மிக மெதுவாக அவனை நெருங்கியது.

வளைவுக்குச் சற்று முன்னால் அவன் ஒதுங்கினான். ஒரு கால் பாதையில், ஒரு கால் பெரணிக்குள். முதுகு ஒரு தைல மரத்தோடு ஒட்டியது. ஈரப் பட்டை. அப்போதுதான் தெரிந்தது, அது அதே இடம். அன்று ஒதுங்கிய இடம். கால்களே தேடி வந்து நின்றிருக்கின்றன. கால்களிடமும் யாரும் சொல்லவில்லை.

லூர்து கடந்தார். முகம் சிவந்து, கண் பிதுங்கி, நின்றுவிடாமல். வழக்கம் விடவில்லை.

"நான்தான்… வால்."

வளைவில் திரும்பினார். மறைந்தார்.

பாதை காலியானது. மேகம் மறுபடி விலகியது. இரண்டு மரங்களுக்கு நடுவே வெளிச்சம் வந்து, ஈர மண்ணில் ஒரு நீளத் துண்டாக விழுந்தது. வாசற்கதவின் கண்ணாடி வழியே வந்தது போல. அதே நீளம். அதே சாய்வு.

ஆல்வின் தன் கையைப் பார்த்தான். அது மேலே இருந்தது. டம்ளர் இல்லை. இருந்தாலும் தலைக்கு மேல் தூக்கியிருந்தது. அதற்குக் கீழே ஒரு ஆள் குனிந்து போக இடம் இருந்தது.

அவள் ஒன்றும் சொல்லாமல் போகவில்லை.

லூர்து வந்து சேர்வதற்கு முன்பே அவள் மூச்சு போய்விட்டது என்றால், அவள் பேச்சைக் கடைசியாகக் கேட்டவர் லூர்து இல்லை. காடும் இல்லை. இந்த மரத்தடியில், இந்தப் பெரணிக்குள் ஒரு காலை வைத்து நின்றவனிடம்தான் அவள் கடைசியாகப் பேசினாள். அவன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தினமும் நடையில் கேட்டது, தினமும் பாதையில் கேட்டது என்று விட்டுவிட்டான்.

மேலே முகட்டில் ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். சத்தம் காற்றில் வந்தது, போனது. அவன் கையை இறக்கவில்லை. வெளிச்சத் துண்டின் ஓரத்தில் முதுகை மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

அன்று போலவே எழுந்து நின்று மிதித்துக்கொண்டு அவள் வந்தாள். முகம் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. அவனைப் பார்க்கவில்லை, பாதையைத்தான் பார்த்தாள்.

"ஒதுங்குப்பா. பின்னாடி இன்னும் ஒரு ஆள் இருக்கு."